லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னா உள்ளே இருக்கிறவர் என்ன செய்யணும்? வாட்ச்மேன் கதவைத் திறக்கலாமா?

சத்துவாச்சாரி குடியிருப்பு (கேள்வி)

வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் ஆறு மாடி அபார்ட்மெண்ட், ஒரே லிஃப்ட். உள்ளே இருக்கும் தகட்டில் 8 பேர், 544 கிலோ என்று போட்டிருக்கிறது. ஆட்டோமேட்டிக் கதவு, மொட்டைமாடியில் மெஷின் ரூம். ஏ.ஆர்.டி. (கரண்ட் போனால் பேட்டரியில் லிஃப்ட்டைப் பக்கத்து மாடிக்குக் கொண்டுபோகும் கருவி) இருக்கிறது, ஆனால் ஒரு சமயம் வேலை செய்கிறது, ஒரு சமயம் செய்வதில்லை. சித்திரை பிறந்தால் கரண்ட் கட் அதிகம். லிஃப்ட் நடுவில் நின்றால் வாட்ச்மேன் முக்கோணச் சாவியால் மாடிக் கதவைத் திறந்து, உள்ளே இருப்பவர்களைக் கையைப் பிடித்து இழுத்தோ, கீழே குதிக்கச் சொல்லியோ வெளியே எடுக்கிறார். பாதிப் பேர் இதுதான் சரி, உள்ளேயே இருந்தால் மூச்சு முட்டிவிடும் என்கிறார்கள். மீதிப் பேருக்கு இது பயமாக இருக்கிறது.

லிஃப்ட்டுக்குள் ஒட்ட ஒரு அறிவிப்பு தயார் செய்யவும், வாட்ச்மேனுக்குச் சொல்லிக்கொடுக்கவும் விரும்புகிறோம். உள்ளே மாட்டியவர் வரிசையாக என்ன செய்ய வேண்டும்? காற்று தீர்ந்துபோகுமா? ரோப் அறுந்தால் என்ன ஆகும்? எங்கள் வீட்டுப் பெரியவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் தனியாகத்தான் ஏறி இறங்குகிறார்கள். தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மெஷின்ரூம்காரர்

சார், முதல் வேலையா அந்த முக்கோணச் சாவியை வாட்ச்மேன் கையிலிருந்து வாங்கி, சங்கத்து அலமாரியில பூட்டி வைங்க. நீங்க எழுதினதுல உயிருக்கு ஆபத்தான விஷயம் அது ஒண்ணுதான்.

கரண்ட் போனதும் லிஃப்ட் நிக்கிறது பழுது இல்லை, அது அப்படி நிக்கத்தான் செஞ்சிருக்காங்க. மோட்டாரோட இருக்கிற பிரேக் கரண்ட் இருந்தாதான் திறக்கும். கரண்ட் போன அடுத்த நொடி ஸ்பிரிங் அமுக்கி டிரம்மை இறுக்கிப் பிடிச்சிக்கும். அதனால நின்ன லிஃப்ட் தானா கீழே இறங்காது. உள்ளே நிக்கிறவருக்கு அந்த நேரத்துல அந்தப் பெட்டியை விடப் பத்திரமான இடம் கட்டடத்துலயே இல்லை. பிரச்சினை ஆரம்பிக்கிறது பெட்டியை விட்டு வெளியே வரப் பார்க்கும்போதுதான்.

எப்படின்னு சொல்றேன். லிஃப்ட் மூணாவது மாடித் தரைக்கு நாலு அடி மேல நின்னுடுச்சுன்னு வைங்க. வாட்ச்மேன் மூணாவது மாடிக் கதவைத் திறக்கிறார். அவர் கண்ணுக்கு நேரா பெட்டியோட தரை நாலு அடி உயரத்துல தெரியும். அந்தத் தரைக்குக் கீழே என்ன இருக்கு? கொஞ்ச தூரத்துக்கு ஒரு தகடு தொங்கும், ஏப்ரான்னு சொல்லுவோம். அதுக்கும் கீழே வெறும் ஷாஃப்ட், அதாவது லிஃப்ட் ஓடுற கிணறு, மூணு மாடி ஆழம். உள்ளே இருக்கிறவர் வயித்தை விளிம்புல வச்சு, காலை முதல்ல கீழே விட்டு நழுவி இறங்குவார். கால் ஊசல் மாதிரி பெட்டிக்கு அடிப்பக்கம் உள்ளே ஆடும். மாடித் தரையில கால் பட்டாலும் உடம்பு ஷாஃப்ட் பக்கம்தான் சாயும். அங்கே தடுக்கச் சுவர் கிடையாது. மாட்டிக்கிட்டவங்க விழுந்து சாகிறது பெரும்பாலும் இந்த மாதிரிதான்.

பெட்டி தாழ்வா நின்னு, மேல் மாடிக்கு ஏறுறது வேற ஆபத்து. நெஞ்சு மாடித் தரையில, கால் பெட்டிக்குள்ளேன்னு பாதி உடம்பு இருக்கிறப்போ ஜெனரேட்டர் வந்தா? கதவு திறந்திருந்தா லிஃப்ட் ஓடக்கூடாதுதான், கதவு பூட்டியிருக்கான்னு பார்க்கிற டோர் லாக் காண்டாக்ட் அதைத் தடுக்கும். ஆனா ரிப்பேர் பார்க்கிறப்போ அந்தக் காண்டாக்ட்டுக்கு ஒரு வயரைப் போட்டு ஜம்பர் அடிச்சு, அதை எடுக்க மறந்துட்டுப் போன லிஃப்ட்டுங்க ஊர்ல இருக்கு. உங்க லிஃப்ட் அதுல ஒண்ணா இல்லையான்னு வாட்ச்மேனுக்குத் தெரியாது.

பெட்டித் தரைக்கும் மாடித் தரைக்கும் வித்தியாசம் அரை அடிக்குள்ள இருந்தா மட்டும் நடந்து வெளியே வரலாம். அதுவும் மெஷின் ரூம்ல மெயினை ஆஃப் பண்ணின பிறகு.

சரியான மீட்பு எப்படின்னா, மெயின் சுவிட்ச் ஆஃப். ஜெனரேட்டர் லைன் தனியா வந்தா அதுவும் ஆஃப். உள்ளே இருக்கிறவங்ககிட்ட இன்டர்காம்ல, "மெதுவா நகர்த்தப் போறோம், கதவை விட்டுத் தள்ளி நில்லுங்க"ன்னு சொல்லணும். எல்லா மாடியிலயும் கதவு சாத்தியிருக்கான்னு ஒரு ஆள் பார்த்துட்டு வரணும். பிறகு மெஷின் ரூம்ல ரெண்டு பேர்: ஒருத்தர் மோட்டாரோட கைச்சக்கரத்தைப் பிடிச்சிக்கணும், இன்னொருத்தர் லீவரால பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் பிடிக்க விட்டு, திரும்பக் கொஞ்சம் தளர்த்தணும். ரோப் மேல ஒவ்வொரு மாடிக்கும் பெயிண்ட் குறி போட்டிருப்பாங்க. குறி நேரா வந்ததும் லீவரை விட்டு பிரேக்கை இறுகப் பிடிக்க வச்சு, அதுக்கு அப்புறம்தான் சாவி.

இங்கே நிறைய பேர் ஏமாறுற இடம் ஒண்ணு இருக்கு. பிரேக்கை விட்டா லிஃப்ட் கீழேதான் வரும்னு நினைப்பாங்க. எதிர்ப்பக்கம் தொங்குற கவுண்டர் வெயிட்டோட எடை, காலிப் பெட்டி எடையோட முழு லோடுல கிட்டத்தட்ட பாதியும் சேர்ந்தது. உங்க 544 கிலோ லிஃப்ட்டுல பாதின்னா 272, அதாவது நாலு ஆள். உள்ளே ஒருத்தரோ ரெண்டு பேரோ இருந்தா, பிரேக்கை விட்டதும் பெட்டி மேலே போகும். ஏழெட்டு பேர் இருந்தா கீழே வரும். "உள்ளே எத்தனை பேர்?"னு நாங்க முதல்ல கேக்கிறது அதுக்குத்தான். ஏ.எம்.சி. (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) எடுத்திருக்கிற கம்பெனிக்காரங்ககிட்ட சொல்லி, குடியிருப்புல ரெண்டு பேருக்காவது இந்த வேலையைப் பழக்கிவிடச் சொல்லுங்க. பழகாதவங்க லீவரைத் தொடவே கூடாது.

ரோப் விஷயம். ஒரு ரோப்ல தொங்குற லிஃப்ட் கிடையாது. மூணு, நாலு, சில இடத்துல ஆறு ரோப் இருக்கும். எல்லாம் சேர்ந்து தூக்க வேண்டிய எடையைப் போல பத்து மடங்குக்கு மேல தாங்குற கணக்குலதான் போடுவாங்க. அது தவிர கவர்னர்னு ஒரு சக்கரம் இருக்கு. வேகம் அளவைத் தாண்டினா முதல்ல கரண்ட்டை வெட்டும். அதுக்கும் அடங்காம பெட்டி கீழே ஓடினா கவர்னர் ரோப்பைக் கவ்விப் பிடிக்கும். அந்த இழுப்புல பெட்டிக்கு அடியில இருக்கிற சேஃப்டி கியர் ரெண்டு பக்க கைடு ரெயிலையும் ஆப்பு மாதிரி இறுக்கிடும். 1854ல நியூயார்க்ல எலிஷா ஓடிஸ் மேடை மேல நின்னு ரோப்பை வெட்டச் சொல்லிக் காட்டினதும் இந்த மாதிரி பிடிமானத்தைத்தான். உள்ளே இருக்கிறவருக்கு டம்முனு ஒரு சத்தம், பெரிய குலுக்கல், அப்புறம் அசைவே இருக்காது. அப்படி நின்ன லிஃப்ட் கைச்சக்கரத்துல கீழே இறங்காது. கொஞ்சம் மேலே தூக்கித்தான் கியரை விடுவிக்கணும், கம்பெனி ஆள் வரணும். போன்ல இந்தக் குலுக்கலைச் சொன்னா அவங்க அதுக்குத் தயாரா வருவாங்க.

லிஃப்ட் வழக்கத்தை விட வேகமா ஓடுற மாதிரி தெரிஞ்சா, சுவரோரமா முதுகைச் சாய்ச்சு உட்காருங்க, கைப்பிடி இருந்தா பிடிச்சிக்குங்க. நின்னாகணும்னா முழங்காலை லேசா மடக்கி நில்லுங்க. கடைசி நொடியில எகிறிக் குதிக்கிற யோசனை உதவாது. உள்ளேயிருந்து தரை எப்போ வருதுன்னும் தெரியாது, குதிச்சுக் குறைக்கிற வேகமும் ரொம்பக் கொஞ்சம்.

101வண்டி

மேலே எழுதியவர் சொன்னது அத்தனையும் சரி. உள்ளே இருப்பவருக்கானதை மட்டும் நான் எழுதுகிறேன்.

கரண்ட் போய் நின்றதும் எந்தப் பட்டனையும் அமுக்காமல் சற்றுப் பொறுங்கள். ஏ.ஆர்.டி. நல்ல நிலையில் இருந்தால் சில விநாடி கழித்துப் பெட்டி மெதுவாக நகர்ந்து, பக்கத்து மாடியில் நின்று தானே கதவைத் திறக்கும். அந்த மெதுவான நகர்வைப் பார்த்துப் பயந்து கதவில் கை வைத்தால் அது பாதியில் நின்றுவிடலாம். கதவில் சாய வேண்டாம், விரலைச் செருகிப் பிளக்க வேண்டாம்.

ஒரு நிமிடம் ஆகியும் நகரவில்லை என்றால் கதவு திறக்கும் பட்டனை ஒருமுறை அமுக்கிப் பாருங்கள், சில சமயம் மாடிக்கு நேராகவே நின்றிருக்கும். திறக்காவிட்டால் மணிப் படம் போட்ட பட்டனை அமுக்கிப் பிடியுங்கள். அடுத்து இன்டர்காம். அதுவும் இல்லையென்றால் கைபேசி. இரும்புப் பெட்டிக்குள் சிக்னல் குறைவு, கதவு இடுக்குப் பக்கம் பிடித்தால் சில நேரம் கிடைக்கும். உங்கள் நெட்வொர்க் இல்லாவிட்டாலும் 112 வேறு நெட்வொர்க் வழியாகப் போக வாய்ப்பு உண்டு. தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிக்கு நேரடி எண் 101, ஆம்புலன்ஸ் 108.

போனில் சொல்ல வேண்டியது: தெரு, கட்டடத்தின் பெயர், அருகில் என்ன அடையாளம், எந்த மாடிக்கும் எந்த மாடிக்கும் நடுவில், உள்ளே எத்தனை பேர், அதில் குழந்தை, கர்ப்பிணி, இதய நோயாளி உண்டா, விளக்கு எரிகிறதா, புகை வாசனை உண்டா. "சத்துவாச்சாரி" என்று மட்டும் சொன்னால் போதாது. பேஸ் ஒன்றா, பேஸ் இரண்டா, ஆறாவது தெருவா என்று சொல்லாவிட்டால் வண்டி தெருத்தெருவாகச் சுற்றும். சத்தம் போட வேண்டுமானால் சாவியாலோ செருப்பாலோ கதவுத் தகட்டில் மூன்று மூன்றாகத் தட்டுங்கள், தொண்டை மிச்சம்.

பெட்டியின் மேல்கூரையில் இருக்கும் திறப்பு வழியாக ஏறுவதெல்லாம் வேண்டவே வேண்டாம். அது மீட்புக்காரர் வெளியிலிருந்து திறப்பதற்கானது.

தீ விபத்து என்றால் எல்லாம் மாறும். லிஃப்ட் ஷாஃப்ட் அடுப்புப் புகைக்கூண்டு போல, கீழ்மாடிப் புகை முழுவதும் அதில்தான் மேலே ஏறும். தண்ணீர் அடிக்கும்போது அதுவும் ஷாஃப்ட்டில் இறங்கும். எனவே படிக்கட்டுதான். ஏறிய பிறகு புகை வாசனை தெரிந்தால் வரவிருக்கும் அடுத்த மாடியை அமுக்கி இறங்கிவிடுங்கள். கதவு திறந்து எதிரே புகை என்றால் மூடும் பட்டனை அமுக்கிக் கீழ்மாடிக்குப் போங்கள். தரைத்தளத்தில் கண்ணாடிக்குப் பின்னால் தீயணைப்பு வீரர் சுவிட்ச் இருக்கும் கட்டடத்தில், கரண்ட் இருக்கும்வரை அதைத் தட்டினால் லிஃப்ட் வேறு எங்கும் நிற்காமல் தரைத்தளத்துக்கு வந்துவிடும். வாட்ச்மேனுக்குச் சாவிக்குப் பதில் இதைச் சொல்லிக்கொடுக்கலாம்.

2021 கடைசியில் பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் லேசான நில அதிர்வுகள் வந்தன. அதிர்வு தெரிந்தால் எல்லா மாடிப் பட்டனையும் அமுக்கி, முதலில் திறக்கும் மாடியில் இறங்குங்கள். அதே 2021 நவம்பரில் பாலாறு பெருகியதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். கீழ்த்தள பார்க்கிங்கில் தண்ணீர் ஏறினால் லிஃப்ட்டை மேல்மாடியில் நிறுத்தி மெயினை அணைத்துவிட வேண்டும். ஷாஃப்ட்டின் அடியில் இருக்கும் பிட் என்ற குழியில் பஃபரும் (பெட்டி மோதினால் தாங்கும் அமைப்பு) சேஃப்டி சுவிட்ச்களும் இருக்கின்றன.

வார்டு அக்கா

மூச்சு முட்டும் என்ற பயத்துக்கு மட்டும் பதில். லிஃப்ட் பெட்டி காற்றுப் புகாத டப்பா இல்லைங்க. கீழேயும் மேலேயும் காற்றுத் துளை இருக்கும், கதவு இடுக்கும் இருக்கும். காற்று தீராது. நம்ம ஊரில் உண்மையான தொல்லை வெக்கை. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரிக்கு மேல் போகிற நாளில் ஃபேன் நின்ற இரும்புப் பெட்டிக்குள் எட்டு பேர் நின்றால் தலைசுற்றல் வரும், வயதானவர் மயங்கி விழுந்து தலையில் அடிபடலாம். அதனால் எல்லோரும் தரையில் உட்காருங்கள். சட்டைப் பொத்தான், இறுக்கமான பெல்ட்டைத் தளர்த்துங்கள். கையில் தண்ணீர் இருந்தால் வாய் வாயாகக் குடியுங்கள்.

நெஞ்சு படபடத்து வேகவேகமாக மூச்சு விட ஆரம்பித்தால் விரல் நுனி மரத்து, வாயைச் சுற்றிக் குறுகுறுக்கும். காற்று இல்லாததால் வருவது அல்ல அது, அளவுக்கு மேல் மூச்சு இழுப்பதால் வருவது. மூக்கால் இழுத்து, ஊதுவது போல வாயால் மெதுவாக வெளியே விடச் சொல்லுங்கள், கூட இருப்பவர் எண்ணிக்கொண்டே இருந்தால் அடங்கும். சர்க்கரைக்கு ஊசி போடுகிறவராக இருந்து வியர்த்து, பேச்சு குழறினால் மிட்டாயோ சர்க்கரையோ வாயில் போடுங்கள். நெஞ்சுவலி, இடது கை வலி என்றால் காத்திருக்காமல் 108.

லாட்ஜ் ரிசப்ஷன்

இதோட சேர்த்து ஒரு சந்தேகம். பாபுராவ் தெரு பக்கம் பழைய லாட்ஜ், நாலு மாடி. லிஃப்ட்டுல வெளியே தள்ளித் திறக்கிற கதவு, உள்ளே இழுக்கிற கம்பி கேட். தங்குறவங்க பாதிக்கு மேல ஆஸ்பத்திரிக்கு வந்த வங்காளிங்க, ஜார்க்கண்ட், அஸ்ஸாம்காரங்க. தமிழ் படிக்கத் தெரியாது. இந்த மாதிரி லிஃப்ட்டுக்கும் மேலே சொன்னதேதானா?

மெஷின்ரூம்காரர்

லாட்ஜ் சார், கம்பி கேட் லிஃப்ட்டுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் கவனம் வேணும். நடுவுல நின்னதுல முக்கால்வாசி, ஓடுறப்போ யாராவது கேட்டை ஆட்டினதாலயோ, கேட் முழுசா சாத்தாததாலயோ இருக்கும். அப்போ உள்ளே இருக்கிறவரே கேட்டை அழுத்தமா இழுத்துச் சாத்தி, மாடிப் பட்டனை அமுக்கினா கிளம்பிடும். கிளம்பலைன்னா பெல் அடிச்சிட்டு, கேட்டை விட்டு ஒரு அடி தள்ளி உட்காரணும். கம்பி இடுக்குல கை, கால், புடவைத் தலைப்பு, துப்பட்டா எதுவும் வெளியே நீட்டக்கூடாது. எதிர்ச் சுவர் உள்ளங்கை அகலத்துல ஓடுது.

நீங்களே பார்த்துக்கக்கூடிய சோதனை ரெண்டு. கேட்டை ஒரு சாண் திறந்து வச்சுட்டுப் பட்டனை அமுக்குங்க, லிஃப்ட் அசையவே கூடாது. பெட்டி வேற மாடியில இருக்கிறப்போ இந்த மாடிக் கதவை ஒரு கையால சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு லேசா இழுங்க, திறக்கவே கூடாது. ரெண்டுல எது தப்பினாலும் அன்னைக்கே லிஃப்ட்டை நிறுத்தி, ஒவ்வொரு மாடியிலயும் குறுக்கே நாற்காலி போட்டு அடைச்சிடுங்க. கதவு திறக்குது, பெட்டி இருக்கும்னு இருட்டுல கால் வைக்கிறவர் நேரா பிட்டுலதான் விழுவார்.

இன்னொண்ணு, வெளிக்கதவுக்கும் கம்பி கேட்டுக்கும் நடுவுல இருக்கிற சந்து. பெரியவங்க நிக்க முடியாது, ஆனா நாலு வயசுக் குழந்தை நிக்கும். வெளிக்கதவு சாத்தி, கேட்டும் சாத்தின பிறகு நடுவுல குழந்தை மாட்டினா லிஃப்ட்டுக்குத் தெரியாது, அது கிளம்பிடும். சந்து அகலமா இருந்தா வெளிக்கதவோட உள்பக்கம் தகடோ பலகையோ அடிச்சு அடைச்சுத் தரச் சொல்லிக் கம்பெனிகிட்ட கேளுங்க. பகல்ல ஒரு ஆபரேட்டர் போடுறது இதை விட நல்லது. அறிவிப்பை வங்காளம், இந்தி ரெண்டுலயும் எழுதிடுங்க, பெல் பட்டன் பக்கத்துல ஒரு அம்புக்குறியும் வரைஞ்சிடுங்க.

உரிமம் இருக்கான்னும் பாருங்க. 1997லயே தமிழ்நாட்டுல லிஃப்ட்டுக்குன்னு தனிச் சட்டம் வந்துடுச்சு, உரிமம் மின் ஆய்வுத் துறையிலதான் வாங்கணும்.

சத்துவாச்சாரி குடியிருப்பு

எல்லோருக்கும் மிக்க நன்றி. சாவியை இன்றே வாங்கி வைத்துவிட்டோம். அறிவிப்பு இப்படி எழுதியிருக்கிறோம், தவறு இருந்தால் சொல்லுங்கள்:

"லிஃப்ட் நின்றால் பயப்பட வேண்டாம். ஒரு நிமிடம் பொறுங்கள். பிறகு மணி பட்டனை அமுக்குங்கள். கதவைத் திறக்க முயலாதீர்கள். தரையில் உட்காருங்கள். வாட்ச்மேன் வந்து கதவைத் திறப்பார். 8 பேருக்கு மேல் ஏறாதீர்கள்."

மெஷின்ரூம்காரர்

நல்லா இருக்கு சார், ரெண்டு இடம் மட்டும் மாத்துங்க. "வாட்ச்மேன் வந்து கதவைத் திறப்பார்"னு போடாதீங்க. திறக்கலைன்னா அவரையே திட்டித் திறக்க வைப்பாங்க. "வெளியே இருப்பவர் சொல்லும்வரை பெட்டியை விட்டு இறங்காதீர்கள். தரை சமமாக இல்லாவிட்டால் யார் கூப்பிட்டாலும் இறங்காதீர்கள்"னு போடுங்க. வாட்ச்மேன் மாறினாலும் இந்த வரி பயணியைக் காப்பாத்தும்.

அடுத்தது "8 பேர்". அந்தக் கணக்கு ஆளுக்கு 68 கிலோ. யாராவது வீட்டுல டைல்ஸ், சிமெண்ட் வேலை நடந்தா பேர் கணக்கு உதவாது. 50 கிலோ மூட்டை ஒன்பது, கூட ஒரு ஆள், 518 ஆச்சு, அடுத்த ஆள் ஏறினா தாண்டிடும். "8 பேர் அல்லது 544 கிலோ, எது முதலில் வந்தாலும்"னு எழுதுங்க. பஸ்ஸர் அடிச்சா கடைசியா ஏறினவர் இறங்கணும்.

துப்பட்டாவுக்கும் ஒரு வரி சேருங்க. ஆட்டோமேட்டிக் கதவுல இருக்கிற சென்சார் கையை, பையைப் பார்க்கும். மெல்லிசான தலைப்பையோ, நாய்க்குட்டி கட்டின கயித்தையோ பல சமயம் பார்க்காது. துணி மாட்டிக்கிட்டா இழுத்துப் போராடாம, உடனே கதவு திறக்கிற பட்டனை அமுக்கணும், கிளம்பிடுச்சுன்னா துணியைக் கழுத்திலிருந்து கழட்டி விட்டுடணும்.

ஒட்டுற இடம் பட்டன் பலகைக்கு மேலே, பள்ளிப் பிள்ளை கண்ணுக்கு எட்டுற உயரத்துல. கம்பெனியோட சர்வீஸ் நம்பர், சங்கத்துல ரெண்டு பேர் நம்பர், கட்டடத்தோட முழு முகவரி மூணும் அதே தாள்ல இருக்கட்டும். பல இடத்துல நம்பரைத் தரைத்தளச் சுவர்ல ஒட்டியிருப்பாங்க, உள்ளே மாட்டினவருக்கு அது எப்படித் தெரியும்?

ஏ.ஆர்.டி. சில சமயம் வேலை செய்யலைன்னு சொன்னீங்க. கரண்ட் போய் நின்னாதான் அது வேலை செய்யும். கதவு லாக்கோ வேற பழுதோ வந்து நின்னா செய்யாது, செய்யவும் கூடாது. கரண்ட் போயும் நகரலைன்னா பெரும்பாலும் பேட்டரிதான். ரெண்டு மூணு வருஷம்தான் அதோட ஆயுசு. மொட்டைமாடியில ஷீட் போட்ட மெஷின் ரூம்னா வேலூர் வெயில்ல இன்னும் சீக்கிரமே போயிடும். மெஷின் ரூமுக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்க. மாசம் ஒரு தடவை சர்வீஸ் ஆள் வரும்போது, காலி லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல ஓடிக்கிட்டிருக்கிறப்போ மெயினை ஆஃப் பண்ணிக் காட்டச் சொல்லுங்க. பக்கத்து மாடிக்கு வந்து கதவு முழுசா திறக்கணும், உள்ளே எமர்ஜென்சி லைட் எரியணும், பெல் வாட்ச்மேன் அறையில கேக்கணும். பேட்டரி மாத்தின தேதியை மார்க்கர்ல ஏ.ஆர்.டி. பெட்டி மேலயே எழுதி வைங்க.